வண்டி செலுத்துவார் பொச்சாப்பும் கைப்பேசி விலக்கும்

மக்களுயிர் உடம்பும், அவ்வுடம்பின்கண் ஐம்பொறிகளும், அப்பொறிகளோடு இயையும் அந்தக்கரணங்களும் இறைவன் திருவருளாற் பெற்றது, வினையை நுகர்ந்து கழித்து மெய்யுணர்தற்பொருட்டேயாம் என்பது சைவசித்தாந்தத் துணிபு. பெற்ற கருவியைப் பெற்ற பயனுக்கு ஆக்காது சோரவிடுதல் குற்றமாம். அச்சோர்வு தனக்கேயன்றிப் பிறவுயிர்க்கும் இறுதி பயக்குமாயின் அது பெருங்குற்றமென்பது சொல்லாமே அமையும். இக்காலத்து மோட்டார் வண்டி செலுத்துவார்பால் மிக்கு வரும் ஒரு சோர்வு இத்திறத்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியிற் பேசுதலையும், அதில் வருங் குறுஞ்செய்தியைப் படித்தலையும், அதற்கு விடை எழுதுதலையும் அரசுகள் பலவும் சட்டத்தான் விலக்கியுள்ளன. அவ்விலக்கு நோயின் முதலைப் பற்றுகின்றதா, புறக்குறியை மட்டும் பற்றுகின்றதா என்பதும், இச்சோர்வான் நேருங் கொலை அறியாது செய்த வினையா, அறிந்து செய்த வினையா என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் கேட்டின் அளவு அறியற்பாலது. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் விபத்தான் மாண்டோர் 1,68,491 பேர் என்று நடுவணரசின் அறிக்கை கூறும். அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டிற் பட்டவர். இவையனைத்தும் கைப்பேசியான் வந்தன அல்ல. மிகுவேகமே இவற்றுட் பெரும்பாலனவற்றிற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றது. ஆயினும், கருத்துச் சிதறலைத் தனியே எண்ணிவரும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், அதே ஆண்டில் அஃதொன்றாற் போன உயிர் 3,308 என்ப. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். ஒரு செய்தியைப் படிக்க மூன்று நொடி கண்ணை எடுத்தானாயின், 50 மீட்டர் வழியை அவன் குருடனாகவே கடந்தவனாவான். அவ்வைம்பது மீட்டருக்குள் ஒரு பள்ளிவாயிலும் இருக்கலாம். குறுக்கே ஓடிவரும் ஒரு குழந்தையும் இருக்கலாம்.

கண்ணை எடுத்தலால் வருங் கேடு யாவர்க்கும் எளிதின் விளங்கும். ஆராயத்தக்கது யாதெனின், கண்ணை எடாதவழியும் கேடு வருதலேயாம். 1997-ஆம் ஆண்டில் ரெடல்மையர், திப்சிரானி என்னும் அறிஞர் இருவர், கனடா நாட்டுத் தொராந்தோ நகரில் விபத்துற்ற 699 வண்டியோட்டிகளின் தொலைபேசிக் கணக்கை ஆராய்ந்து, பேசுங்கால் விபத்து நேரும் வாய்ப்புப் பேசாக்காலத்தினும் நான்கு மடங்கு மிகும் என்று கண்டனர். கையிற் பிடியாது பேசும் கருவியுடையார்க்கும் அக்கேடு குறைந்ததாக அவர் காணவில்லை. 2001-இல் யூட்டா பல்கலைக்கழகத்து இசுத்திரேயர், சான்சுட்டன் என்போர் செய்த சோதனையில், தொலைபேசியிற் பேசினோர் வழிக்குறிகளைத் தவறவிட்ட அளவு இரு மடங்காயிற்று. கையிற் பிடித்தாரும் பிடியாதாரும் இதில் வேறுபட்டிலர். வானொலியை வாளா கேட்டவர்க்கோ அத்துணைச் சோர்வு நிகழவில்லை. 2003-இல் அவ்வாராய்ச்சியாளரே விழியின் செலவை அளக்குங் கருவி கொண்டு நோக்கியபோது, பேசுவோர் விழி ஒரு பொருளின்மேற் பட்டிருந்தும் அப்பொருளை அவர் பின்னர் நினைவுகூர மாட்டாமை புலனாயிற்று. விழி கண்டது, விழியையுடையான் கண்டிலன்.

இது மேனாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றினும், சித்தாந்த நூல் பயின்றார்க்குப் புதிதன்று. பொறி தானே அறியாது, கரணமும் தானே அறியாது, அவை ஆன்மாவோடு கூடியே தொழிற்படும் என்பது மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தில் நிறுவிய பொருள். அந்நூல் நான்காஞ் சூத்திரம் உயிரை அரசனாகவும் கரணங்களை அமைச்சராகவும் உவமித்துக் காட்டும். வாயில்காப்போன் வந்தவனை உள்ளே விட்டாலும், அரசன் கருத்து வேறோர் அமைச்சனோடு ஆராயும் வழக்கின்கண் நின்றதாயின், வந்தவன் வந்திலாதவனேயாவன். கண்ணாகிய வாயில் திறந்திருந்தும், உயிர் மனத்தின்வழி எங்கோ இருக்கும் ஒருவனோடு சொல்லாடிக்கொண்டிருப்ப, எதிர்வரும் பொருள் கண்ணிற்பட்டும் காணப்படாதொழிதல் இதனான் விளங்கும். மனம் அணுவளவிற்று, ஒரே காலத்து இரண்டறிவு நிகழா என்று தருக்க நூலாரும் கூறுவர். மலத்தான் மறைப்புண்டு, கலை வித்தை முதலிய தத்துவங்களாற் சிறிதே விளக்கம் பெற்ற உயிர், ஒன்றைப் பற்றுங்கால் மற்றொன்றை விடும். சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. பேச்சைச் சார்ந்த உயிர் பேச்சேயாகும். வழியைச் சார்ந்தாலன்றி வழியை அறியாது.

அற்றேல், வண்டியில் உடனிருப்பானோடு பேசுதலும் அத்தகையதன்றோ எனின், முழுதும் அன்று. 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, உடனிருப்போன் தானும் வழியைக் காண்கின்றானாகலின், நெருக்கடி வந்துழிப் பேச்சைக் குறைத்தும், வழியைப் பற்றியே பேசியும் ஓட்டுவோனுக்குத் துணையாவன் என்று காட்டிற்று. தொலைவிலிருந்து பேசுவோன் இவ்வழியைக் காணான். எதிரே பேருந்து வருவதும் அறியான். அவன் வினாவை நிறுத்தான். ஒருவன் ஓட்டுவோனோடு அவ்விடத்தே இருக்கின்றான். மற்றவன் ஓட்டுவோனைத் தன்னிடத்திற்கு இழுக்கின்றான். வேறுபாடு இதுவேயாம்.

இனி, இக்கேட்டினை அறிந்தும் மக்கள் விடாமைக்குக் காரணம் என்னை எனின், அது ஆணவத்தின் செயலென்க. 1981-ஆம் ஆண்டில் சுவென்சன் என்னும் அறிஞர், வண்டி செலுத்துவோரை அவரவர் திறமையைப் பிறரோடு ஒப்பிட்டு மதித்துக்கொள்ளுமாறு கேட்டபோது, அமெரிக்கருள் நூற்றுக்கு 93 பேரும், சுவீடன் நாட்டாருள் 69 பேரும் தம்மை நடுத்தரத்தினும் மேலாக வைத்து மதித்தனர். நூற்றுவருள் தொண்ணூற்று மூவர் நடுவிற்கு மேல் நிற்றல் எங்ஙனங் கூடும்? 'பிறர்க்கு நேரும், எனக்கு நேராது' என்னும் இவ்வெண்ணம் அறிவின் குறைபாடு மட்டுமன்று. அறிவை மறைப்பதோர் ஆற்றலின் வேலை. புறவிருள் பொருளை மறைப்பினும் 'யான் இருள்' என்று தன்னையேனும் காட்டும். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று திருவருட்பயனில் உமாபதிசிவனார் விளக்கினார். கைப்பேசியிற் பேசி ஓட்டுவோன் நிலை அதுவே. அவன் காணாதது ஒன்றுண்டு. காணாமை தனக்குண்டென்பதையும் அவன் காண்கிலன். பத்து முறை பேசியும் இடரின்றி வீடு சேர்ந்தானாயின், அதனைத் தன் திறமைக்குச் சான்றாகக் கொள்கின்றான். அப்பத்து முறையும் அவனைக் காத்தது எதிரே வந்தவர் விழிப்பென்று அவன் எண்ணுவதில்லை. திருவள்ளுவர் 54-ஆம் அதிகாரத்திற் கடிந்த பொச்சாப்பு, செருக்கும் மகிழ்ச்சியும் பற்றி வருஞ் சோர்வேயாதல் ஈண்டு நினையத்தக்கது.

நோயின் முதல் இதுவாக, மருந்தாக வந்த சட்டத்தை நோக்குவாம். அமெரிக்க மாநிலங்களுள் நியூயார்க்கு 2001-ஆம் ஆண்டில் முதன்முதல் கையிற் பிடித்துப் பேசுதலை விலக்கிற்று. பிடியாது பேசுதலை விலக்கவில்லை. அதற்குமுன் வண்டியோட்டிகளுள் நூற்றுக்கு 2.3 பேர் கையிற் பிடித்துப் பேசக் காணப்பட்டனர். விலக்கு வந்தவுடன் அது 1.1 ஆகக் குறைந்தது. 2003 மார்ச்சு மாதத்தில் 2.1 ஆகத் திரும்ப ஏறிற்று. 2004-இல் இவ்விலக்கை மேற்கொண்ட வாசிங்டன் தலைநகரிலோ, காவலர் இதனை விடாது கண்காணித்தமையால், குறைந்த அளவு ஓராண்டு கழிந்தும் பெரிதும் மீளவில்லை. குறுஞ்செய்தியை விலக்கிய நான்கு மாநிலங்களில் காப்பீட்டு முறையீடுகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆராய்ச்சி, விலக்கின்பின் மோதல்கள் குறையவில்லை என்று 2010-இல் வெளியிட்டது. காவலர்க்கு அஞ்சியோர் கருவியை மடியின்கண் தாழ்த்தி மறைத்துப் பார்த்தலின், கண் வழியினின்றும் முன்னையினும் விலகிற்றுப்போலும் என அவ்வாராய்ச்சியாளர் கருதினர். சட்டத்திற்கு அஞ்சியவன் சட்டத்தினின்றும் ஒளித்தனனேயன்றிச் சோர்வினின்றும் நீங்கினானல்லன்.

பிரிட்டனில் 2003 திசம்பரில் இவ்விலக்கு வந்தது. அது கருவியால் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளுதலையே நோக்கி எழுதப்பட்டமையால், வண்டி செலுத்திக்கொண்டே ஒரு விபத்தைப் படம்பிடித்தான் ஒருவன் அவ்விலக்கிற்கு உட்படான் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. படம்பிடித்தலும் விளையாடுதலும் அடங்க 2022-ஆம் ஆண்டிற் சட்டத்தை விரிக்க வேண்டுவதாயிற்று. கண்ட செயலையே சட்டம் விலக்கும். உயிரின் சோர்வோ நாளொரு செயலாக வேடம் மாற்றிக்கொள்ளும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, கையிற் பிடிக்குங் கருவியைப் பயன்படுத்தி ஓட்டுதல் இடர்மிக்க ஓட்டுதலுள் ஒன்றாக வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த விதி, வழியறிதற்கு மட்டும் அக்கருவியைக் கொள்ளலாம், அதுவும் ஓட்டுவோன் கருத்தைச் சிதையாதவாறு கொள்ளல்வேண்டும் என்கின்றது. சட்டந்தானே 'கருத்து' என்னுஞ் சொல்லைச் சொல்லிவிட்டது. காக்கவேண்டுவது கருத்தென்பதைச் சட்டம் அறியும். ஆயின், சாலையோரத்து நிற்குங் காவலர் காணக்கூடியது கையை மட்டுமே.

அங்ஙனமாயின் சட்டம் பயனற்றதென்று தள்ளிவிடலாமோ எனின், ஆகாது. குறுஞ்செய்தி விலக்கைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அக்குற்றம் ஒன்றிற்காகவே வண்டியை நிறுத்திப் பிடிக்கக் காவலர்க்கு உரிமை தந்த அமெரிக்க மாநிலங்களில் சாலைச் சாவு நூற்றுக்கு 3 அளவு குறைந்தது என்று கூறும். பிறிதொரு குற்றத்திற்குப் பிடித்தவழியே இதனையுங் கேட்கலாமென்று தளர விட்ட மாநிலங்களில் அப்பயன் காணப்படவில்லை. ஆகலின், எழுதியிட்ட சட்டம் வேறு. காக்கப்படுஞ் சட்டம் வேறு. நூற்றுக்கு மூன்றாயினும் அம்மூன்றும் உயிர்களல்லவோ? சைவநன்னெறியிற் சரியை புறத்தொழிலாக நிகழ்வது. அதுகொண்டு அதனை ஒருவரும் இகழார். உடம்பு அடங்கப் பழகியபின்னரே உள்ளம் அடங்குதற்கு வழியுண்டாம். கையை விலக்கும் சட்டமும் அவ்வாறே ஒரு தொடக்கம். அது பயிருக்கு இட்ட வேலி போல்வது. வேலியின்றிப் பயிர் நில்லாது, வேலியே பயிருமாகாது. கையிற் பிடியாக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, 'சட்டத்திற்கு உட்பட்டேன், இனி இடரில்லை' என்று நெடும்பேச்சுப் பேசிச் செல்வோன், வேலியைக் கண்டு விளைவு வந்ததென்று மகிழ்வானை ஒப்பான். பொச்சாவாமையை முன்வைத்து அதனையடுத்துச் செங்கோன்மையை வைத்த திருக்குறளின் அதிகார முறையும், விழிப்பின்றி ஆட்சி நில்லாதென்பதை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இனி, இச்சோர்வான் நேருங் கொலையின் தன்மை ஆராயற்பாலது. 'கொல்ல நினைந்திலேன், அறியாது நேர்ந்தது' என்பது செலுத்துவோன் கூற்று. அறியாது செய்த வினைக்கும் அறிந்து செய்த வினைக்கும் வேறுபாடு உண்டென்பது நூல்களுக்கு உடன்பாடே. ஆயின், அறியாமை இரு திறத்தது. தானே வந்த அறியாமை ஒன்று. தானே வருவித்துக்கொண்ட அறியாமை மற்றொன்று. கள்ளுண்டான் செய்த கொலையைச் செய்யும்போது அவன் அறியாதிருக்கலாம். உண்ணும்போது அறிந்தே உண்டான். அதுபோலக் குழந்தை குறுக்கே வந்ததை இவன் அறியானாயினும், கருவியை எடுத்ததை அறிவன். எடுத்தால் வழி மறக்கும் என்பதையும் அறிவன். காரணத்தை அறிந்து கொண்டவன் காரியத்தை அறியேனென்றல் பொருந்தாது.

திருவாரூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பிற் கூறும் மனுநீதிச்சோழர் வரலாற்றை இதனோடு வைத்து நோக்குக. அரசிளங்குமரன் தேரூர்ந்து சென்றான். ஓர் ஆன்கன்று துள்ளிவந்து தேர்க்காலிடைப் புகுந்து மாண்டது. அவன் கொல்ல நினைந்தானல்லன். பிறிதொன்றில் மனம்வைத்துத் தேரை மறந்தானென்றும் ஆண்டுக் கூறப்படவில்லை. அமைச்சர் கழுவாய் செய்தலே முறை என்றனர். அரசரோ, கன்றை இழந்த பசுவின் துயருக்கு அது மருந்தாகாதென்று கண்டு, தம் ஒரு மகனையே தேர்க்காலில் இட ஒருப்பட்டார். இவ்வரலாறு தண்டத்தின் கடுமையைக் கற்பிக்க வந்ததென்று கொள்வது மேலெழுந்த நோக்கு. கழுவாய் செய்தவனுக்கு உதவும். இறந்ததை மீட்டுத் தாராது என்பதே இதன் உயிர்நிலை. கன்றும் அமைச்சனும் மைந்தனும் எழுந்தது வீதிவிடங்கப் பெருமான் திருவருளால். அவ்வருள் வெளிப்பாட்டைத் தன் சோர்வுக்கு ஈடாக எண்ணி ஒருவன் வண்டி செலுத்தலாமோ? நினையாது நேர்ந்த ஒரு கன்றின் சாவுக்கே அரசர் அங்ஙனம் நடுங்கினாராயின், நினைந்து வருவித்த மறதியான் ஒரு மகவின் உயிர் போகுமிடத்து நடுக்கம் எத்துணையதாதல் வேண்டும்? கழுவாய் பின்னர்ச் செய்வதாகலின் இவ்விடத்துப் பயன்படாது. முன்னர்ச் செய்யத்தக்க கழுவாய் விழிப்பு ஒன்றேயாம்.

'மாண்டவன் தன் வினையான் மாண்டான். யான் கருவி மாத்திரையே' என்று ஊழின்மேல் ஏற்றுவாரும் உளர். மாண்டவன் நுகர்ந்தது அவனது பிராரத்தமாயினும், அதனை விளைவித்தவனுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறுதலைத் தடுப்பார் யார்? பிறன் ஊழைத் தனக்குப் புகலாகக் கொள்வோன் தன் வினையை மறந்தவனாவன். ஊழ் உண்டென்று துணிந்தவனே தன் செயலிற் பெரிதும் விழிப்புடையனாதல் வேண்டும். அவன் செயல் எதுவும் வீணே போவதில்லையாதலின்.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. ஒரு தீவினையின்கண் செய்தானேயன்றிச் செய்வித்தானும் உடன்பட்டானும் பங்குறுவர் என்பது அறநூல் முறை. ஒருவன் வண்டி செலுத்துகின்றான் என்று அறிந்தும் அவனை அழைத்து விடாது பேசுவோன் அவ்வினையிற் பங்குடையன். தன்பாற் கூலிக்கு வண்டியோட்டுவானை அடிக்கடி அழைத்து, 'எங்கே வருகின்றாய்? ஏன் எடுக்கவில்லை?' என்று சினக்குந் தலைவன் அதனினும் மிக்க பங்குடையன். அவன் அழைப்பை எடாதொழிந்தால் வேலை போமென்று அஞ்சுவோன் கையைச் சட்டம் பிடிக்கின்றது. அழைத்தவன் வாயைப் பிடிப்பாரில்லை. சட்டம் எட்டாத இவ்விடத்தையே அறம் சென்று எட்டுதல் வேண்டும். தாய் மகனையும், மனையாள் கொழுநனையும் வழிக்கண் அழையாது, சேர்ந்தபின் பேசுக என்றிருத்தல் அன்பின் குறைவன்று, அன்பின் முதிர்ச்சியே.

செயற்பாலது அரிதன்று. வண்டியிற் புகுமுன் கருவியை ஒலியாதவாறு அடக்கிக் கைக்கு எட்டா இடத்து வைத்தலும், தவிர்க்கலாகாத செய்தியாயின் ஓரமாக நிறுத்திப் பேசுதலும் யார்க்கும் எளியன. அரியது, ஒலித்த கருவியை எடாதிருக்கும் உளவலியேயாம். வித்தை எழுப்பிய அறிவை அராகம் தன் விருப்பின்மேற் செலுத்தும். அவ்விருப்பைத் தடுத்து நிறுத்தும் பயிற்சி ஒருநாளில் வருவதன்று. சிவபூசையில் அமர்ந்தவன், ஓடும் மனத்தை மீட்டு மீட்டுத் திருவடிக்கண் நிறுத்திப் பழகுகின்றான். அப்பழக்கம் பூசையறையோடு ஒழிந்துபோமாயின் அதனாற் பெற்றது சிறிதே. அப்பழக்கமே சாலையிற் கண்ணின் பின்னே உயிரை நிறுத்துமாயின், பூசை பிறவுயிர்க்குங் காவலாயிற்று. தைப்பூசத்திற்குப் பழனியை நோக்கி இரவெல்லாஞ் சாலையோரத்தே நடந்துசெல்லும் அடியார் கூட்டம், பின்வரும் வண்டிகளை ஓட்டுவோர் விழிப்பை நம்பியே நடக்கின்றது. அவ்வடியார்க்குத் திருநீறு கொடுத்து வழிபடுதலினும் முற்பட்ட தொண்டு, அவர்பக்கலிற் கருத்தோடு வண்டி செலுத்துதலாம்.

உயிருடைய மக்களை நடந்து திரியுங் கோயிலாகக் கண்டவர் திருமூலநாயனார். சாலையைக் கடக்குங் கிழவியும், பள்ளி செல்லுஞ் சிறுவனும், மிதிவண்டியிற் செல்லுங் கூலியாளனும் அத்தகைய கோயில்களே. கோயிலின்முன் செல்வோன் கண்ணை மூடிச் செல்லான். பிறிதொருவனோடு வம்பு பேசியுஞ் செல்லான். சட்டம் கையைக் காக்க. விழிப்பு கருத்தைக் காக்க. இரண்டும் கூடிய வழியே உயிர்கள் வாழும் வழியென்க.

திருச்சிற்றம்பலம்.